பதினோராவது பறப்பு

நான் விமானத்தில் ஏறினதில்லை.
ஆனால் விமானி.
அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள்,
என் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு.

வட்டக்கச்சிக்கும் முரசுமோட்டைக்கும் இடையில்
ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி
வரம்பில் நின்றபடி பறக்கிறேன்.
என் பயணிகள்: பத்து லீற்றர் மருந்து.
இறங்கும்போது ஒருவரும் மிஞ்சியிருக்கக் கூடாது.
மிஞ்சினால் முதலாளி ஏசுவார்.

மச்சாள் சுபாங்கி ரொறன்ரோவிலிருந்து வந்தபோது
அத்திலாந்திக்கின் மேல் கோப்பி கூரைக்கு எழும்பியதாம்.
பக்கத்துச் சீற்று வெள்ளைக்காரன் அவள் கையைப் பிடித்து
நாலு மணித்தியாலம் விடவில்லையாம்.
சொல்லும்போது இன்னும் அந்தக் கையைத் தடவுகிறாள்.
"உனக்கென்ன, நிலத்தில நிண்டெல்லோ ஓட்டுறாய்."

எனக்கும் இருக்கின்றன.
நாலாவது பறப்பில் ஒரு பருந்து
தன் வானத்துக்கு வாடகை கேட்டு வந்தது.
ஏழாவது, கலியாண வீடு. பூத் தூவச் சொன்னார்கள்.
விசிறிக் காற்றில் மணவறைச் சோடனை கழன்று
ஐயரின் தலையில் கவிழ்ந்தது.
பூ மட்டும் விழவேயில்லை,
ஈரத்தில் தாங்கியோடு ஒட்டிவிட்டது.
இவற்றைச் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்கிறோம்.

பதினோராவது
தவநாயகத்தாரின் வயல்.
காலை ஆறு நாற்பது. கச்சான் இன்னும் எழும்பவில்லை.
அறக்கொட்டி விழுந்து
நெல் வட்டம் வட்டமாய் எரிந்து கிடந்தது.
"பிள்ளை, இந்தத் துண்டை வடிவா அடி" என்று
காட்டிவிட்டு மதகடியில் போய் நின்றார்,
வாயில் பாதிப் பீடி.

எழுப்பினேன். மூன்று மீற்றர்.
கரையில் திரும்பி அவர் பக்கமாய் வந்தது.
அந்த இரைச்சல் எனக்கு வேலை.
அவருக்கு அது வேலை இல்லை.

திரையில் பார்த்தேன்:
பச்சைக்கு நடுவே மண்ணிற வாய்க்கால்,
அதற்குள் ஒரு மனிதர் குப்புற.
இரண்டு கையும் பிடரியில்.
வாய் திறந்திருக்கும், பார்க்கத் தேவையில்லை.
எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்,
காது வெடிக்காமல் இருக்க.

அப்போது எனக்கு ஆறு வயது.
வண்டு சுத்துது என்றால் கதைக்கக் கூடாது,
அதற்குக் கேட்கும் என்று நம்பிய வயது.
அண்ணாந்து அதன் வயிற்றைத்தான் தேடியிருக்கிறேன்.
எங்கள் முதுகுகளை ஒருநாளும் பார்த்ததில்லை.

இவ்வளவு சின்னதா.

விரல் எந்தப் பக்கம் போனதென்று
இன்றைக்கும் தெரியாது.
பனையில் மோதி, செட்டை ஒன்று தெறித்து,
பத்து லீற்றரும் ஒரே இடத்தில்.
மருந்து மணம் மதகு வரைக்கும் வந்தது.

அவர் எழும்பினார். சாரத்தைப் பிழிந்தார்.
சேற்றுக்குள் பீடியைத் தேடினார், கொஞ்ச நேரம்.
பிறகு என் முகத்தைப் பார்க்காமல்,
"காத்து என்ன?" என்றார்.
பனையோலைகூட அசையவில்லை.
"ஓம், காத்து" என்றேன்.

படிவத்தில் காரணத்துக்கு நாலு பெட்டி:
பற்றரி, சிக்னல், காற்று, விமானியின் தவறு.
காற்றுக்குப் புள்ளடி போட்டேன்.
உயிர்ச்சேதம் என்ற இடத்தில் ஒரு கோடு.
முதலாளி நம்பவில்லை,
மூன்று மாதம் சம்பளத்தில் கழித்தார்.

போன போகம் தவநாயகத்தார் மறுபடி கூப்பிட்டார்.
இப்போது எழுப்புமுன்
வயல் முழுக்கக் கேட்கக் கத்துகிறேன்:
"நான்தான்! நான்தான் வாறன்!"
பக்கத்து வயல் பெடியள் அதையே எனக்குப்
பட்டப்பெயராக்கிவிட்டார்கள்.
அவர் ஒரு கையை உயர்த்துவார், விளங்குது என்பதாக.
நிமிர்ந்துதான் நிற்கிறார்.
முழங்கால் மட்டும் கொஞ்சம் மடிந்திருக்கும்.
கிட்ட வரும்போது
வாயிலிருந்து பீடியை எடுத்துவிடுவார்.