இரவல் ரம்பம்

மழையில் ஊதிப்போன குளியலறைக் கதவை
அரை விரல் அறுக்கத்தான் கேட்டேன்.
"எங்கப்பாவோடது, பத்திரம்" என்று
மூணு தபா சொல்லிக் கொடுத்தார்
மேல்மாடி குணபூஷணம்.

அறுத்தாகிவிட்டது. கதவு சாத்துகிறது.
சாத்திவிட்டுத் திரும்பையில் முழங்கை இடித்து
மொசைக் தரையில் தலைகீழாக விழுந்தது ரம்பம்.

பிடியில் ஒரு கோடு.
முடியென்று ஊதிப் பார்த்தேன்.
போகவில்லை.

பிளாக்குக்கு ஒரே மோட்டார். சாவி அவரிடம்.
தண்ணீர் நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

ராத்திரி, பிள்ளைகள் தூங்கின பிறகு
திருகாணி இரண்டையும் கழற்றி
தகட்டைப் பழம்புடவையில் சுற்றி வைத்தேன்.
விரிசலை ஒட்டி வார்னிஷைச் சுரண்டினால்
பட்டி உதிர்கிறது.
பட்டிக்கு அடியில்
தலை தேய்ந்த பித்தளை ஆணி ஒன்று.
அதைச் சுற்றிக் காய்ந்து கறுத்த வஜ்ஜிரம்.

ஆக, ஏற்கெனவே பிளந்த பிடி.
பிளந்தது யார் கையில்?
மறைத்தது யாரிடமிருந்து?
படியேறிப் போய்க் கதவைத் தட்டலாம் போல
கோபம் வந்தது.
மணி ஒன்று. சிரிப்பும் வந்தது.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
நகரும்போதெல்லாம் ஸ்டூல் நடுங்க,
இரண்டு டியூப் பசையைச் சமமாய்ப் பிதுக்கி
என் கதவின் தூளையே அதில் குழைத்து
ஊசி முனையால் விரிசலுக்குள் ஊட்டினேன்.
பழைய சைக்கிள் டியூபை நாடாவாய் வெட்டி
இழுத்து இழுத்துச் சுற்றினேன்.
பிதுங்கியது என் விரலிலேயே காய்ந்தது.

விடிந்ததும் அவிழ்த்தேன்.
மேலே பட்டி வைக்கலாம், வார்னிஷ் அடிக்கலாம்.
காசிமேட்டில் கூலிக்கு வலை பொத்துகிற கை இது,
பொத்தின வலையைப் புதுசு என்று
யாரிடமும் கொடுத்ததில்லை.
நீல நைலான் நரம்பை எடுத்து
பிடியின் இடுப்பில் பதினாறு சுற்று,
முனையைச் சுற்றுக்கு அடியிலேயே இழுத்துச் செருகினேன்.
முடிச்சு தெரியாது.
சுற்று தெரியும்.

வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவில்லை.
கட்டைவிரல் மட்டும் நேராக
ஆணி இருக்கிற இடத்துக்குப் போய்
நீலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"கதவு சாத்துதா?"
"சாத்துது."

உள்ளே அவர் அப்பா இருமினார்.
குணபூஷணம் கதவைப் பாதி இழுத்துக்கொண்டு
குரலைத் தாழ்த்தி,
"இன்னா பசை போட்ட?" என்றார்.