பல் பிடித்துப் பார்க்காதது

ஒரு மாதமாகத் திரை மூலையில் அந்த வரி:
இந்தப் பிரதி அசலல்ல.
பென்டிரைவோடு போனவன் நான்தான்.
காரகோல் சந்தையில் குதிரையின் உதட்டை விலக்கி
விரலால் வயது வாசிக்கும் டாக்டர் சல்தனத்
ஓசியை நம்பினார், என் முகத்துக்காக.
வைரஸ் காவலை முதலில் நிறுத்து என்றது நிரல்.
நிறுத்தினேன்.
கறுப்புச் சதுரம் ஒன்று மினுங்கி மறைந்தது.
வரி போனது. தேநீர் வந்தது.

பதினொரு நாள் சும்மா கிடந்தது அந்தக் கிழட்டுக் கணினி.
பன்னிரண்டாம் காலை
நானூற்றுச் சொச்சம் மாடுகளின் தடுப்பூசிக் கணக்கில்
கோப்புக்கொரு புது வால், நாலெழுத்தில்.
கட்டவிழ்க்க டாலர்.

வாசல் பனியில் ஜோலோன், கிடேரியோடு:
"இதுக்குப் போன வருஷம் ஊசி போட்டோமா?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.
கிடேரியின் வாயைத் திறந்தார்.
பல் வயதைச் சொல்லும்.
ஊசியைச் சொல்லாது.