இடது பட்டன்

இரண்டு கையும் அழுத்தினால்தான் இறங்கும் பிரஸ்.
இடது பட்டனில் தீக்குச்சி செருகியது நான்.
ஷிப்டுக்கு ஆயிரத்தெண்ணூறு பீஸ்
வேறெப்படி வரும்?

தேசிங்கின் இடக்கை விரல் இரண்டும்
அவன் சோற்று டப்பாவில்,
ஜூஸ் கடை ஐஸோடு, என் மடியில்.
எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கக் கன்டெய்னர்
துறைமுக கேட்டுக்குக் காத்து நின்றது.
ஆட்டோக்காரர் இறங்கிக் கத்தி, கெஞ்சி
ஒரே ஒரு டிரெய்லரை நகர்த்தினார்.
டப்பாவுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம்.

ஸ்டான்லியில் கை டாக்டர்
திறந்து பார்த்து மூடினார்.
ஐஸ் நேராகப் படக்கூடாதாம்.
சுவரெல்லாம் போர்டு மாட்டிய கம்பெனியில்
அதை மட்டும் யாரும் எழுதவில்லை.

ஆட்காட்டி விரலுக்குப் பதினான்கு சதவீதம்,
நடுவிரலுக்குப் பன்னிரண்டு.
ஈ.எஸ்.ஐ. தாளைக் கூட்டிப் பார்த்து
"பாஸ் மார்க்கே வரலடா" என்று சிரித்தான்.

விசாரணைக்கு வந்தவர் கேட்டார்,
குச்சி வெச்சது யாரு?
சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.
நான் மெஷினைப் பார்த்தேன்.
கட்டுப்போட்ட கையைத் தூக்கி
"நான்தான் சார்" என்றான் தேசிங்கு,
வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல.

நாலு நாள் அந்தப் பட்டன் காலியாக இருந்தது.
வியாழக்கிழமை அதில் புதுக் குச்சி.
வைத்தது நானில்லை.
எடுக்கவுமில்லை.