எழுபத்திரண்டாயிரம்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே வருமானம்.
லாரிக்குக் கூடை ஏற்றும் என் அப்பா திம்மராயன்,
சீட்டுப் பிடிக்கும் எதிர்வீட்டு ருக்மாங்கதன்,
ஓசூர் கம்பெனி வேனில் போய்த் திரும்பும் நவநீதாவின் அண்ணன்,
இரண்டு எருமையும் ஒரு வழக்கும் வைத்திருக்கும் பசப்பா,
எல்லோருக்கும்
ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம்.
விஏஓ கைக்கு அந்த எண் பழகிவிட்டது.

இ-சேவை மையத்தில் அந்த அக்கா
திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள்:
வருமானம்?
எந்த மாதத்து வருமானம் என்று
திருப்பிக் கேட்க நினைத்தவர்போல
அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ராயக்கோட்டை மண்டியில்
தக்காளி கிலோ மூன்று ரூபாய் என்றால்
லாரி வராது, கூலி இல்லை.
எண்பது என்றால்
காயே வராது, அப்போதும் கூலி இல்லை.
இடையில் எங்கேயோ ஒரு விலை இருக்கிறது,
இருபதோ இருபத்தைந்தோ.
அந்த விலையில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

நான் கிருஷ்ணகிரியில் புள்ளியியல், இரண்டாமாண்டு.
சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை என்று
முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான்.
அதில் ஒரு எண்தான் உட்காரும்.

முதல்முறை திரும்பி வந்தது.
ரேஷன் கார்டில் திம்மராயப்பா,
ஆதாரில் திம்மராஜன்,
என் மதிப்பெண் பட்டியலில் திமராயன்.
மூவரும் ஒருவரே என்று எழுதிக்கொடுக்க
நோட்டரிக்கு இருநூறு.
"மூணு பேர் சம்பாதிச்சும்
எழுபத்திரண்டுதானா" என்று
பஸ் நிறுத்தம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

பிறகு அந்த ஆடி மாதம்.
எங்கேயோ மழையில் காய் அழுகி
எங்கள் மண்டிக்கு வரிசையாக லாரி.
ராத்திரி இரண்டு மணிக்கும் கூடை ஏற்றினார் அப்பா.
ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஆட்டுக்கறி.
அம்மா மாதம்மாள்
கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள்,
ஜன்னல் இடுக்கில் பழைய பாவாடையைத் திணித்தாள்.
அடுத்த சந்தில்தான் தலையாரி வீடு.
செவ்வாய்க்கிழமை விசாரணை.
புழுங்கிப்போய்ச் சாப்பிட்டோம்,
திருடிய கறிபோல.

அன்று இரவு நான் வேண்டிக்கொண்டேன்.
யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்:
சான்று கைக்கு வரும்வரை
விலை இறங்கியே இருக்கட்டும்.

வியாழக்கிழமை நான்கு ரூபாய்.
ரயில்வே கேட் பக்கம் டிராக்டர் டிராக்டராகக் கொட்டினார்கள்.
காலேஜ் பஸ் அதன்மேல் ஏறிப் போனது.
டயரில் ஒட்டிய சிவப்பு
சூளகிரிச் சாலைவரை வந்தது.
வேண்டுதலால் விலை இறங்காது,
வரத்தால் இறங்கும்,
பாடத்தில் இருக்கிறது.
இருந்தாலும் நான் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து
உள்பக்கம் மாறி உட்கார்ந்தேன்.

சான்று வந்தது. அதே எண்.

கல்லூரியில் ஜெபக்கனி மேடம்
உதவித்தொகைப் பட்டியலை வாசிக்கும்போது
பாதி வகுப்புக்குத் தாகம் எடுக்கும்.
பெயர் வந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு
தண்ணீருக்குப் போவதுபோலப் போய்க்
கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம்.
காலிப் பாட்டிலோடுதான் வருவோம்.
யாரும் கேட்டதில்லை.

பணம் பங்குனியில் வந்தது,
பரீட்சை ஹாலுக்கு வெளியே, பையில், அணைத்துவைத்த போனுக்குள்.
ஆறாயிரத்து எண்ணூறு.
அக்கவுண்டில் போதிய இருப்பு இல்லாத குற்றத்துக்கு
வங்கி நானூற்றிப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டது.
ஆனியில் கட்டிய ஃபீஸுக்காக
அடகுக்கடையில் ஒன்பது மாதமாக இருந்த தோடு
அன்று சாயங்காலம் அம்மா காதுக்குத் திரும்பியது.
துளை தூர்ந்திருந்தது.
ஈர்க்குச்சி போட்டுத் திறக்க வேண்டியிருந்தது.
வலிக்குதா என்றேன்.
"படிக்கிற வேலையைப் பாரு" என்றாள்.

மூன்றாமாண்டுக்குப் புதுப்பிக்கணும்.
அதே மையம், அதே அக்கா.
அப்பா பேர்?
எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
அடித்துக் காட்டினாள்: திம்மராயண்.
வருமானம்?
இம்முறை அப்பா என்னைப் பார்க்கவில்லை,
துண்டைத் தொடவில்லை.
பட்டென்று சொன்னார்.
அதில் மட்டும்
பிழையே விழவில்லை.