ஒப்பம்

பட்டியலில் பதினொரு பெயர்.
உள்ளிருக்கும் வாக்குக்கு ஒரு குறையுமில்லை,
உறைக்குத்தான்.
உறைமேல் இட்ட ஒப்பம்
கோப்பில் கிடக்கும் ஒப்பத்தோடு
ஒப்பவில்லையாம்.
நாளை மாலைக்குள் ஒப்பாவிட்டால்
பிரிக்காமலே பெட்டிக்குள் போய்விடும்.

யகிமா பள்ளத்தாக்கில் நவம்பர்
நாலரைக்கே இருட்டிவிடுகிறது.
பறித்து முடித்த ஆப்பிள் தோப்புகளில்
காலிப் பெட்டிகள் வீட்டுயரத்துக்கு.
மாநில அவைக்கு எங்கள் தொகுதியில்
இருவருக்கும் நடுவே
இருபத்தொன்பது வாக்கு.
பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்,
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரியும்.
அதனால்தான் பட்டியல் என் கைக்கு வந்தது.

எலிசியோ பராகன்.
ஏணி சரிந்த நாளில்
சுட்டுவிரல் பாதியாகிவிட்டது.
மிச்ச விரலுக்குப் பேனா இன்னும் பழகவில்லை.
"பழைய மாதிரியே போடணுமா?"
"இப்போ எப்படி வருதோ அப்படி."
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார்.
பிறகு உள்ளே போய்
சட்டமிட்டு மாட்டிய குடியுரிமைச் சான்றைக்
கழற்றி எடுத்துவருகிறார்,
முன்பு எப்படிப் போடுவேன் பாருங்கள் என்று.
அழகாகத்தான் இருந்தது.

மாரென், பத்தொன்பது வயது.
ஓட்டுநர் உரிமம் வாங்கிய அன்று
கண்ணாடித் திரையில் விரலால் கிறுக்கியது ஒன்று,
உறையில் அச்செழுத்தாய் அடுக்கியது வேறொன்று.
"எனக்குக் கையெழுத்தே கிடையாதே.
இதுவரை யாரும் கேட்கலை."
பீட்சா பெட்டியின் மூடியில்
மூன்று தடவை போட்டுப் பார்த்து
கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்தாள்.
சாகும்வரை இந்த வாலை
ஞாபகம் வைத்திருக்கணுமா என்று சிரித்தாள்.

ஆறாம் வீட்டில் ஆளில்லை.
ஏழில் நாய் மட்டும்.
எட்டில் கதவு திறக்காமலே ஒரு குரல்:
"நீ எந்தக் கட்சி?"
உங்கள் வாக்கு யாருக்கென்று எனக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது என்றேன்.
பொய்யில்லை.
வண்டியின் பின்புறம் ஒட்டியிருந்ததை
காலையில்தான் சுரண்டி எடுத்திருந்தேன்,
பசை மட்டும் சதுரமாய் மிச்சம்.

ஒன்பதாவது, கெரிட் ஹூக்ஸ்ட்ரா.
அவருடைய ஒப்பத்தில் நடுக்கமே இல்லை.
அதுதான் சந்தேகம்.
நான் வாயைத் திறக்குமுன்
"நான்தான் போட்டேன்" என்றாள் வெர்னா.
கெரிட் ஜன்னலோரம் உட்கார்ந்து
காற்றாடி இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஐம்பத்திரண்டு வருஷம் கூட இருந்திருக்கேன்.
பாசன வாரியத் தேர்தலைக்கூட விடாத மனுஷன்.
யாருக்குப் போடுவார்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும்.
யாருக்கென்று எனக்கும் தெரியும்,
என் வண்டியில் சுரண்டிய பெயருக்குத்தான்.
படிவத்தை நீட்டியிருந்தால்
இன்னொரு தடவையும் போட்டுத் தந்திருப்பாள்.
இருபத்தொன்பதில் ஒன்று.

வாக்கு என்றால் சொல்தானே,
சொல் அவரைவிட்டுப் போய் இரண்டு குளிர்காலம்.
"அவரே போடட்டும்,
ஒரு கீறல் என்றாலும் போதும்,
நாம் இருவரும் சாட்சி" என்று
பேனாவை அவர் கையில் வைத்தேன்.
வாங்கினார்.
மூடியைத் திறந்தார்.
படிவத்தை மேலிருந்து கீழ்வரை
வாசிப்பதுபோல் பார்த்தார்.
வெர்னா மூச்சு விடவில்லை.
மூடியைத் திரும்ப மாட்டி
சட்டைப் பையில் செருகிக்கொண்டு
எழுந்து நின்றார்,
தோப்புக்குக் கிளம்புகிறவர் போல.

அவள் அவரை உட்காரவைத்தாள்.
படிவத்தை நான் மடித்துக்கொண்டேன்.
வாசல்வரை வந்து
"நீ எழுதிக்கொடுக்கவேண்டியதை எழுதிக்கொடு,
எனக்கு வருத்தமில்லை" என்றாள்.
வருத்தம் இருந்தது, இருவருக்கும்.
திரும்பப் போய்ப் பேனாவைக் கேட்க
எனக்கு மனம் வரவில்லை.

வண்டிக் கண்ணாடியில் உறைபனி.
இன்னும் இரண்டு பெயர்.
பத்தாம் வீட்டுக் கதவைத் தட்டி
முதலில் நான் கேட்டது
எழுத ஏதாவது இருக்கிறதா என்று.