நாற்பத்தேழாம் துணுக்கு

கோத்தகிரியில் மின்சாரம் போனால்
முதலில் அறிவது யூபிஎஸ்.
அது கத்தும் ஏழு நிமிடத்துக்குள்
எல்லாவற்றையும் சேமித்துவிடுவேன்.
போன் ஜன்னல் கம்பியில்
ரப்பர் பேண்டால் கட்டியிருக்கும்.
வெயிலில் மூன்று புள்ளி சிக்னல்,
மஞ்சு இறங்கினால் ஒன்று.

'உதவும்' என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்.
ஒன்பது வருடம், மூன்று கம்பெனி, இரண்டு லேப்டாப்
தாண்டி வந்த கோப்பு.
தேதியைத் திருப்பிப் போட ஒரு துணுக்கு
(அமெரிக்காக்காரனுக்கு மாதம் முன்னால் வேண்டும்).
பெயருக்குப் பின்னால் ஒட்டிய வெற்றிடத்தைச் சீவ ஒன்று.
லட்சத்துக்கும் கோடிக்கும் நம் ஊர்ப்படி காற்புள்ளி வைக்க ஒன்று.
இணைப்பு அறுந்தால் ஒரு நொடி பொறு,
பிறகு இரண்டு, பிறகு நான்கு, பிறகு எட்டு
என்று சொல்லும் முப்பத்தொன்றாம் துணுக்கை
நான் மனிதர்களிடமும் பயன்படுத்தியிருக்கிறேன்.
பாதிக்குப் பாதி பலித்தது.

பக்கத்திலேயே 'படிக்க வேண்டியவை'.
அதில் இருநூற்றுப் பதினான்கு இருக்கிறது.
'மூத்த பொறியாளர் ஆவது எப்படி',
பன்னிரண்டு மணி நேரப் பாடம்,
தள்ளுபடியில் நானூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
நவம்பரிலிருந்து மூன்றாம் அத்தியாயத்தில்
வாயைத் திறந்தபடி உறைந்திருக்கிறார் ஆசிரியர்.

கட்டபெட்டுப் பக்கம்
பச்சை இலை வாங்கும் ஃபேக்டரிக்கு
எடை மெஷினிலிருந்து பில் வரைக்கும் எழுதிக் கொடுத்தேன்.
நாலு நாள் வேலை.
நாற்பத்தேழாம் துணுக்கை எடுத்தேன், ஒட்டினேன்,
ஓடியது. டீ குடித்தேன்.

பதினோரு வாரம் கழித்து மாதி வந்தாள்.
என்னோடு பிளஸ் டூ கணக்கில் இருந்தவள்,
இப்போது ஒன்றரை ஏக்கர் தேயிலை.
கையில் நாற்பது பக்க நோட்டு.
வீட்டுத் தராசு ஒரு பத்தியில்,
என் பில் அடுத்த பத்தியில்.
பதினெட்டு கிலோ தொள்ளாயிரம் — பதினெட்டு.
இருபத்தொன்று எழுநூறு — இருபத்தொன்று.
"உன் கம்ப்யூட்டருக்குக் கிலோ தெரியுது,
கிராம்தான் தெரியலை" என்றாள்.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

திறந்து பார்த்தேன்.
கோயம்புத்தூர் கிடங்கில்
அட்டைப்பெட்டி எண்ண எழுதியது அது.
அங்கே அரைப் பெட்டி பெட்டியில்லை;
புள்ளிக்குப் பின்னால் இருப்பதை உதறுவதே சரி.
அதைக் கோப்பில் போட்டபோது
இரண்டு வரியையும் பத்திரமாக எடுத்துவைத்தேன்,
பெட்டியை விட்டுவிட்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூவாயிரத்து எண்பத்தொன்பது கிலோ.
கிலோ பதினெட்டு ரூபாயென்றால்
ஐம்பத்தைந்தாயிரத்து அறுநூற்று இரண்டு.
லட்சத்தைத் தொடவில்லை,
காற்புள்ளித் துணுக்குக்கு வேலை வரவில்லை.
முதலாளி லிங்கராஜ் கணக்கை இரண்டு முறை கேட்டார்,
மூன்றாம் முறை செக் புத்தகத்தைத் தேடினார்.
என் பாக்கியைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும்.

அன்றிரவு நாற்பத்தேழை அழிக்கவில்லை.
மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
'பெட்டிக்கு மட்டும். இலைக்கு ஆகாது. மாதியைக் கேள்.'
பிறகு ஒன்றிலிருந்து தொடங்கி
ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று
எழுதிக்கொண்டு போனேன்.
பத்தொன்பது எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை.
ஆனால் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று பெங்களூர் கம்பெனிக்கு நேர்காணல்.
நீங்கள் செய்த பெரிய தவறு எது என்று கேட்டார்கள்.
இதற்கொரு பதில்
படிக்க வேண்டியவையில் நூற்று இருபதாவதாகக் கிடக்கிறது,
மனப்பாடமும் ஆகியிருந்தது:
'அதிகமாக உழைத்துவிடுகிறேன்.'
நான் தொள்ளாயிரம் கிராம் என்று ஆரம்பித்தேன்.
நோட்டு, தராசு, அட்டைப்பெட்டி,
எல்லாம் சொல்லி முடித்தேன்.

திரையில் அவர் முகம் அசையவில்லை.
யோசிக்கிறாரா,
மஞ்சு இறங்கிவிட்டதா?
ஜன்னல் பக்கம் திரும்பாமல்
ஒரு நொடி பொறுத்தேன்.
பிறகு இரண்டு.
பிறகு நான்கு.