மஞ்சள் வாளி

பயிற்சியில் கொடுத்த தாளில்
எல்லாம் எளிதாய்த்தான் இருந்தது.
வீட்டில் கிடக்கும் சாமான் ஒன்று,
அதற்கேற்ற வசனம் ஒன்று.
பிள்ளைகள் சாகும்வரை மறக்க மாட்டார்களாம்.

முதல் வாரம் கடுகு.
பாதி பாய்க்கோரைக்குள் உருண்டுபோக
மீதியை மெல்பின் தின்றுவிட்டான்.
வயிற்றுக்குள் மரமாகுமா என்று
பூசை முடியும்வரை
சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

அடுத்து உப்பு.
ஐஸ் கம்பெனி வாசலில் அள்ளிய கல்லுப்பு.
உப்பைப் போல இருங்கள் என்றேன்.
டெல்சி விரல்களை நீட்டினாள்.
கருவாட்டுக்கு உப்புப் பிடித்துப் பிடித்து
நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது.
"எரியும் டீச்சர்."
தொடவே இல்லை.

இந்த ஞாயிறு டார்ச்சும் வாளியும்.
டார்ச் எங்கள் வீட்டது, தட்டினால்தான் எரியும்.
வாளி கோயில் துடைக்கிற வாளி,
ஒரு பக்கம் காது இல்லாத மஞ்சள்.
தெற்குவாடியில் மறைக்கல்வி நடப்பது
வலை போட்டுவைக்கும் தகரக் கொட்டகையில்.
கதவைச் சாத்தினோம்.
கச்சான் காத்து தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது,
உள்ளே விடச் சொல்லி.

"விளக்கேத்தி யாராவது மூடிவைப்பாங்களா?"
இது தாளில் இருந்த கேள்வி.
"மாட்டார்கள்", இது தாளில் இருந்த பதில்.
பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள் என்று
சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும்.

"எங்கப்பா மூடுவாங்க."

கஸ்மீர். மூன்றாம் வகுப்பு.
பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவன்.
"நேவி போட்டுச் சத்தம் கேட்டா
எல்லா லைட்டையும் அமத்திருவாங்க.
செல்போனக்கூட சாரத்துக்குள்ள செருகிக்குவாங்க.
அப்ப அது பாவமா?"

பதினெட்டுப் பிள்ளைகள். ஒருவரும் சிரிக்கவில்லை.
பதினெட்டில் எத்தனை அப்பாக்கள்
அந்தக் கோட்டோரம் போகிறவர்கள் என்று எனக்குத் தெரியும்.
மற்ற ஆறு நாளும் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
படகின் பெயர், எத்தனை பார், எவ்வளவு பாக்கி,
எல்லாம் என் கையெழுத்துதான்.
படகு திரும்பாததால்
கூட்டாமலே கிடக்கும் பக்கங்களும்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.

பதில் தெரியாத டீச்சர் செய்வதைச் செய்தேன்.
டார்ச்சைத் தட்டி எரியவைத்து
வாளியைக் கவிழ்த்தேன்.

இருட்டவில்லை.
மலிவான பிளாஸ்டிக்,
அடியிலிருந்து விளிம்புவரை வாளியே எரிந்தது,
ராத்திரித் தண்ணீரில் மிதக்கும் சொறியைப் போல.
துடைத்துத் துடைத்து விழுந்த கீறல்கள்
ஒவ்வொன்றாய்த் தெரிந்தன.
மெல்பின் தவழ்ந்து போய்க் கன்னத்தை வைத்தான்.
டெல்சி உள்ளங்கையை விரித்து மேலே வைத்தாள்.
வெடித்த விரல்களின் ஓரமெல்லாம் சிவப்பு.

தூரத்தில் பாலத்தில் ரயில் போனது.
வழக்கமாய் எல்லாம் எழுந்து ஓடும்.
ஒன்றும் அசையவில்லை.

இது வசனத்துக்குப் பொருந்துகிறதா
எதிர்த்துப் பேசுகிறதா, தெரியவில்லை.
பதிவேட்டில் "நோக்கம் நிறைவேறியதா" கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.
பிறகு அதையும் அடித்துவிட்டேன்.

கஸ்மீர் மட்டும் தொடவில்லை.
எல்லோரும் ரஸ்னாவுக்கு ஓடியபின்
வாளியைச் சுண்டிப் பார்த்தான்,
தர்ப்பூசணி வாங்குகிறவனைப் போல.
"இதவிடக் கட்டியா இருக்குமா டீச்சர்?
வெளிச்சம் வெளிய வராதது.
அப்பா அமத்த வேணாம்ல.
உள்ளயே எரியட்டும்."

கம்பெனியில் கிரீஸ் அள்ளும் கறுப்பு வாளி ஒன்று கிடக்கிறது.
நாளை திங்கள்.
மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால் போகும்.